ஐந்து பேருக்கு எத்தனை அறை? – கப்பல் பயணம்: வாசகர் கேள்வி, பதில்

சொகுசுக் கப்பல்களில் அறைப் பராமரிப்புப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்து, இப்போது தூத்துக்குடியில் ஓய்வில் இருப்பவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

நான், கணவர், 68 வயது மாமியார், பத்தாம் வகுப்புப் போகும் மகள், ஏழு வயது மகன் என ஐந்து பேர். மே விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்வரும் மூன்று இரவுப் பயணம் போக எண்ணம். ‘ஐந்து பேரும் தங்கக்கூடிய பெரிய பால்கனி அறை ஒன்று இருக்கிறது, உடனே பதிவு செய்யுங்கள்’ என்கிறார் ஏஜென்ட். கணவருக்குச் சம்மதம். எனக்கு ஏனோ மனம் ஒப்பவில்லை. – வாசகி, கோயம்புத்தூர்

உங்கள் மனம் சரியாகத்தான் சொல்கிறது. ஏஜென்ட் காட்டும் படம் பகலில் எடுத்தது. இரவு ஒன்பது மணிக்கு அந்த அறை எப்படி இருக்கும் என்று நான் சொல்கிறேன், ஏனென்றால் அதை அப்படி மாற்றுவதுதான் என் வேலையாக இருந்தது.

பகலில் ஒரு இரட்டைக் கட்டில், ஒரு சோபா, ஒரு மேசை, நடக்க இடம். இரவானால் சோபாவை இழுத்து விரிக்க வேண்டும். கூரையிலோ சுவரிலோ மடிந்திருக்கும் மேல்படுக்கைகளைச் சாவி போட்டு இறக்க வேண்டும். ஏணியைச் சாத்த வேண்டும். ரயிலில் மிடில் பெர்த்தைப் போட்டதும் கீழே உட்கார்ந்திருப்பவர் குனிந்துகொள்வாரே, அதே நிலைமைதான். பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். ஆட்களை எங்கே தள்ளுவது? ஏழு வயதுப் பையன் மேல்படுக்கைக்குத் துள்ளிக்கொண்டு ஏறுவான். உங்கள் மகளோ தம்பியின் காலுக்குக் கீழே சோபாவில் படுக்க வேண்டியிருக்கும். மாமியார் நடு இரவில் குளியலறைக்குப் போக எழுந்தால், விரித்த சோபாவைச் சுற்றி இருட்டில் தடவிக்கொண்டு போக வேண்டும்.

படுக்கையைவிடப் பெரிய சங்கடம் குளியலறை. கப்பலின் குளியலறை தொழிற்சாலையிலேயே முழுதாகச் செய்து, அப்படியே கொண்டுவந்து பொருத்தப்பட்ட ஒரு பெட்டி. உள்ளே இருவர் நின்றால் ஒருவர் வெளியே வந்துதான் மற்றவர் திரும்ப முடியும். பினாங்கில் காலையில் இறங்க வேண்டும், சுற்றுலா பஸ் புறப்படும் நேரம் குறித்தாகிவிட்டது, ஐந்து பேருக்கும் அந்த ஒரே பெட்டி. அப்படிப்பட்ட காலைகளில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு நடைபாதையில் நின்று, ‘பொதுக் கழிப்பறை எங்கே இருக்கிறது?’ என்று கேட்ட அப்பாக்களுக்கு நான் வழி காட்டியிருக்கிறேன். கழிப்பறை உணவகத்துக்கும் அரங்கத்துக்கும் பக்கத்தில் இருக்கும். குளிக்க வேண்டுமென்றால் உடற்பயிற்சிக் கூடத்துக்குத்தான் போக வேண்டும்.

எனவே படுக்கையை எண்ணாதீர்கள், குளியலறைக் கதவை எண்ணுங்கள். ஐந்து பேருக்கு இரண்டு வேண்டும். ஜன்னல் இல்லாத உள் அறைகளாக இருந்தாலும் பரவாயில்லை, நடுவில் இணைப்புக் கதவு உள்ள இரண்டு அறைகளை எடுங்கள். ஒன்றில் மாமியாரும் மகளும். அந்த அறையின் கட்டிலை இரண்டு தனிக் கட்டில்களாகப் பிரித்துப் போடச் சொல்லிப் பதிவின்போதே எழுதிவையுங்கள். கப்பலில் ஏறிய பிறகும் கேட்கலாம், செய்து தருவார்கள். ஆனால் ஏறும் நாளில் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. மற்றதில் நீங்கள் இருவரும் பையனும். பையனுக்கு மேல்படுக்கை. ஏணி ஏறவேண்டிய இடத்தில் பெரியவர்கள் யாரும் இல்லை, கவனித்தீர்களா?

இரண்டு அறை என்றதும் இரண்டு மடங்கு செலவு என்று உங்கள் கணவர் சொல்வார். கப்பல் கட்டணத்தின் கணக்கு ஓட்டல் கணக்கு போன்றது அல்ல. ஓட்டலில் அறைக்கு விலை. கப்பலில் தலைக்கு விலை. ஒவ்வொரு அறையிலும் முதல் இருவர் முழுக் கட்டணம் கட்டுகிறார்கள், மூன்றாவது, நான்காவது ஆளுக்குப் பெரும்பாலும் குறைவு. கணக்குக்காக ஒரு விலை வைத்துக்கொள்வோம். உள் அறையில் தலைக்கு 40,000 ரூபாய், மூன்றாம் ஆளுக்கு 20,000. இரண்டு அறைக்கும் சேர்த்து நான்கு முழுக் கட்டணம், ஒரு குறைந்த கட்டணம்: 1,80,000. ஏஜென்ட் சொல்லும் பெரிய பால்கனி அறையில் முதல் இருவருக்குத் தலைக்கு 70,000, மற்ற மூவருக்கு 20,000 என்றால் 2,00,000. இவை உண்மை விலைகள் அல்ல, ஆனால் கணக்கின் போக்கு இதுதான். துறைமுகக் கட்டணம், வரி, பணியாளர்களுக்கான டிப்ஸ் எல்லாம் தலைக்கு இவ்வளவு என்பதால் எந்த அறை எடுத்தாலும் அதில் பெரும்பாலும் மாற்றம் இராது. உங்கள் ஏஜென்டிடம் இரண்டு விதத்திலும் மொத்தத் தொகையை எழுதி வாங்குங்கள். பல நேரங்களில் வித்தியாசம் நீங்கள் பயப்படும் அளவுக்கு இருக்காது. சில நேரங்களில் மேலே காட்டியதுபோல் தலைகீழாகவும் வரும்.

கணவர் பால்கனியை விடமாட்டேன் என்றால் ஒரு சமரசம் இருக்கிறது. நடைபாதையின் கடல் பக்கம் ஒரு பால்கனி அறை, அதற்கு நேர் எதிரே ஒரு உள் அறை. பகலெல்லாம் ஐந்து பேரும் பால்கனியில் உட்காரலாம். இரவில் மாமியாரும் மகளும் எதிர் அறைக்குப் போய்விடலாம். உள் அறையின் கும்மிருட்டில் வருவதுபோன்ற தூக்கம் வேறெங்கும் வராது. விடிந்ததே தெரியாது என்பதுதான் அதன் குறை. தொலைக்காட்சியில் கப்பல் முகப்புக் கேமரா காட்டும் சானலைச் சத்தமில்லாமல் ஓடவிட்டால் அதுவே ஜன்னல். ராயல் கரீபியன் நிறுவனத்தின் குவாண்டம் வகைக் கப்பல்களில் உள் அறைச் சுவரிலேயே தரையிலிருந்து கூரை வரை திரை வைத்துக் கடலை நேரடியாகக் காட்டுகிறார்கள். அதற்காகத் தனியாகக் காசு கொடுக்க நான் சொல்லமாட்டேன், பிள்ளைகள் கேட்பார்கள்.

இணைப்புக் கதவு உள்ள அறைகள் ஒரு கப்பலில் கொஞ்சம்தான், பள்ளி விடுமுறையில் முதலில் தீர்வதும் அவைதான். தள வரைபடத்தில் அடுத்தடுத்த இரண்டு அறைகளுக்கு நடுவே ஒரு சிறு குறி போட்டிருப்பார்கள். ‘பக்கத்துப் பக்கத்து அறை’ என்று ஏஜென்ட் சொன்னால் ஏமாந்துவிடாதீர்கள். பக்கத்து அறைகளுக்கு நடுவே இருப்பது சுவர். உங்களுக்கு வேண்டியது கதவு. இரண்டு அறை எண்களையும் வாங்கி, வரைபடத்தில் நீங்களே பார்த்து உறுதி செய்யுங்கள்.

அறை கப்பலின் எந்தப் பகுதியில் இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு வரை மலாக்கா நீரிணை. ஒரு பக்கம் சுமத்ரா, மறு பக்கம் மலேசியக் கரை. கடல் பெரும்பாலும் சாது. புக்கெட் அந்தமான் கடலில் இருக்கிறது. மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் அங்கே கொஞ்சம் ஆட்டம் இருக்கும். அங்கே பெரிய கப்பல்கள் பலவும் கடலில் நங்கூரமிட்டு, பயணிகளைச் சிறு படகில் கரை சேர்க்கும். விடியற்காலையில் நங்கூரச் சங்கிலி இறங்கும் சத்தம் முன்பக்கத்து அறைகளில் படுத்திருப்பவரைத் தூக்கிப்போடும். ஆகவே முன்பக்கம் வேண்டாம், நடுப்பகுதி பாருங்கள். மாமியாருக்குச் சிறு படகில் ஏறி இறங்குவது கடினம் என்றால் அன்று அவர் கப்பலிலேயே இருக்கட்டும். கூட்டமில்லாத கப்பல் தனிச் சுகம்.

கடைசியாக, பயணம் முடிந்து நீங்கள் மறுபடி சிங்கப்பூருக்குள்தான் நுழைகிறீர்கள். ஒரே முறை நுழையும் விசா இதற்குப் போதாது. ஐந்து பாஸ்போர்ட்டுக்கும் பாருங்கள்.

ஒரு கப்பலின் இணையதளத்தில் இரண்டு பேர் என்று போட்டால் நிறைய அறைகள் காட்டுகிறது. நான்கு பேர் என்று போட்டால் ‘இல்லை’ என்கிறது. அதே அறையில் நான்கு படுக்கை இருப்பது படத்திலேயே தெரிகிறது. ஏமாற்று வேலையா? – வாசகர், சென்னை

ஏமாற்று இல்லை. படுக்கை இருக்கிறது, படகில் இடம் இல்லை.

ஒவ்வொரு அறைக்கும் ஆபத்துக் காலத்தில் போய்ச் சேரவேண்டிய கூடுமிடம் ஒன்று உண்டு. அதன் எழுத்தும் எண்ணும் அறைக் கதவின் பின்புறம் ஒட்டியிருக்கும், உங்கள் அறைச் சாவி அட்டையிலும் அச்சாகியிருக்கும். அந்தக் கூடுமிடத்துக்கு ஒதுக்கிய உயிர்காப்புப் படகுகளில் இத்தனை பேர்தான் என்று கணக்கு உண்டு. கப்பலில் உள்ள எல்லா மேல்படுக்கைகளிலும் ஆள் படுத்தால் அந்தக் கணக்கு தாண்டிவிடும். அதனால் அந்தப் பகுதியில் எண்ணிக்கை நிரம்பியதும், மூன்றாவது, நான்காவது படுக்கைகளைப் பதிவு முறை தானாகவே மூடிவிடுகிறது. அறை காலியாக இருக்கும், இருவருக்கு மட்டும் தருவார்கள்.

1912-இல் டைட்டானிக் மூழ்கியபோது அதில் சுமார் 2,200 பேர் இருந்தார்கள். படகுகளில் இருந்த இடம் 1,178 பேருக்கு. அன்றைய விதிப்படி அது குற்றமே அல்ல. விதி கப்பலின் கொள்ளளவைப் பார்த்ததே தவிர ஆட்களின் தலையை எண்ணவில்லை. 1914-இல் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான முதல் பன்னாட்டு ஒப்பந்தம் பிறந்ததற்கு அதுதான் காரணம். உங்கள் திரையில் ‘இல்லை’ என்று வந்த சொல்லுக்குப் பின்னால் இருப்பது அந்த வரலாறு.

என்ன செய்யலாம்? வேறு தளத்தில், அல்லது கப்பலின் மறு பக்கத்தில் உள்ள அறைகளைத் தேடிப் பாருங்கள். கூடுமிடம் மாறினால் இடம் கிடைக்கலாம். நான்கைந்து பேர் போகிற குடும்பம் கடைசி நேரத் தள்ளுபடிக்குக் காத்திருப்பது சூதாட்டம். இரண்டு பேர் போகிறவர்களுக்குத்தான் அந்த வசதி.

எங்கள் இரட்டைப் பிள்ளைகளுக்கு ஐந்து வயது. மூன்றாவது குழந்தைக்குப் பயணத்தின்போது எட்டு மாதம் ஆகியிருக்கும். நான்கு பேர் அறையே போதும், குழந்தையை எங்களோடு படுக்க வைத்துக்கொள்கிறோம் என்றால் மறுக்கிறார்களே? – வாசகி, திருச்சி

மேலே சொன்ன படகுதான் காரணம். பஸ்ஸில் மடியில் உட்கார்ந்தால் டிக்கெட் இல்லை. கப்பலில் எட்டு மாதக் குழந்தையும் ஒரு முழு ஆள். நான்கு பேர் அறைக்குள் ஐந்தாவதாக ஒரு கைக்குழந்தையைக்கூட அனுமதிக்கமாட்டார்கள். அழுது பயனில்லை. நீங்களும் சரி, குழந்தையும் சரி.

பல நிறுவனங்கள் ஆறு மாதம் நிறைந்த குழந்தைகளை ஏற்றுகின்றன. தொடர்ந்து பல நாள் கரை தொடாத நீண்ட பயணங்களுக்கு ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும். உங்களுக்கும் இணைப்புக் கதவு உள்ள இரண்டு அறைதான். குழந்தைத் தொட்டிலைக் கேட்டால் கொடுப்பார்கள், ஆனால் அதை விரித்தால் தரையில் மிச்சமிருப்பது செருப்பு விடும் இடம்தான். ஐந்து வயதுப் பிள்ளைகளை மேல்படுக்கையில் ஏற்றாதீர்கள். தடுப்புக் கம்பி இருக்கிறதே என்று அறைப் பணியாளர் சொன்னாலும் ஏற்றாதீர்கள். இருவரையும் ஓர் அறையின் கீழ்க் கட்டில்களில் படுக்க வைத்து, நடுக்கதவைத் திறந்தே வையுங்கள்.

டிஸ்னி கப்பல்களில் ஐந்து பேர் தங்கும் குடும்ப அறைகள் உண்டு. அவற்றில் கழிப்பறையும் வாஷ்பேசினும் ஒரு சிற்றறையில், குளிக்கும் தொட்டியும் இன்னொரு வாஷ்பேசினும் மற்றொன்றில் எனப் பிரித்திருப்பார்கள். கப்பல் கட்டுகிறவர்களில் யாரோ பிள்ளை வளர்த்தவர் செய்த வேலை என்று நினைத்துக்கொள்வேன். விலை மட்டும் எட்டாது.

‘அறை எண்ணைக் கடைசியில் நிறுவனமே தரும், அதனால் விலை மலிவு’ என்ற திட்டம் ஐந்து பேர் குடும்பத்துக்குச் சரிவருமா? – வாசகர், மதுரை

வராது. அறை வகைக்குத்தான் உத்தரவாதம், இடத்துக்கு இல்லை. ஒரு அறை நான்காம் தளத்தின் மூக்கிலும் மற்றது பத்தாம் தளத்தின் வாலிலும் வந்தால் யாரிடமும் புகார் சொல்ல முடியாது.

கடைசியில் மிஞ்சும் அறைகள் எவை என்று யோசியுங்கள். விவரம் தெரிந்தவர்கள் ஒதுக்கியவைதான் மிஞ்சும். நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே உள்ளவை. அங்கே விடியும் முன்பே சாய்வு நாற்காலிகளை இழுத்து அடுக்குவார்கள், உங்கள் தலைக்கு மேலே இழுப்பதுபோல் கேட்கும். அரங்கத்துக்கும் நடனக் கூடத்துக்கும் மேலே உள்ளவை. இரவு வெகுநேரம் வரை தரை அதிரும். சமையல் கூடத்தை ஒட்டியவை. வண்டிச் சக்கரச் சத்தம் ஓயாது. கப்பல் துறைமுகத்தில் ஒதுங்கும்போது அதைப் பக்கவாட்டில் தள்ளும் உந்திகள் உறுமும் முன்பக்க, பின்பக்க ஓரங்கள். ஜன்னல் திரையை விலக்கினால் கடலுக்குப் பதில் ஆரஞ்சு நிறப் படகின் வயிறு தெரியும் அறைகளும் உண்டு. அவற்றை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன். வெளிச்சம் வருகிறது, விலை குறைவு, படகும் பக்கத்தில்.

மேலேயும் கீழேயும் அறைகளே உள்ள தளமாகப் பார்த்து எண்ணைக் குறிப்பிட்டு வாங்குங்கள். இன்னொன்று: இணைப்புக் கதவு உங்களுக்குத் தேவையில்லை என்றால் அது உள்ள அறையை எடுக்கவே எடுக்காதீர்கள். அந்தக் கதவு வழியாகப் பக்கத்துக் குடும்பத்தின் சண்டை முழுதும் கேட்கும்.

சென்னையிலிருந்து கிளம்பும் கப்பலில் போகலாம் என்கிறார் மகன். பேரப்பிள்ளைகள் மூவர், நாங்கள் இருவர். என் மனைவிக்கு மலைப் பாதையில் பஸ்ஸில் போனாலே தலை சுற்றும். – வாசகர், நாகர்கோவில்

சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022 ஜூனில் முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கிவைத்த எம்ப்ரஸ் கப்பலைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1990-இல் நோர்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் ஓடத் தொடங்கிய கப்பல் அது. இன்றைய புதுக் கப்பல்களைவிடச் சிறியது, பால்கனி அறைகள் குறைவு. உங்களுக்கு அது நல்லதே. பால்கனிக்கு ஆசைப்பட்டு மேல் தளத்துக்குப் போகும் சபலம் இராது.

கப்பல் இரண்டு விதமாக ஆடும். பக்கவாட்டில் உருள்வது ஒன்று. அதைக் குறைக்க நீருக்கடியில் துடுப்புபோல் இரண்டு பக்கமும் நீளும் தகடுகள் உண்டு. முன்னும் பின்னும் தூக்கிப்போடுவது மற்றொன்று, அதற்கு மருந்தில்லை. தூக்கிப்போடும்போது நடுப்பகுதி குறைவாக அசையும், முனைகள் அதிகமாக அசையும். உருளும்போது கீழ்த்தளம் குறைவாக அசையும், மேல்தளம் அதிகமாக அசையும். ஆகவே தாழ்ந்த தளம், நடுப்பகுதி, முடிந்தால் ஜன்னல் உள்ள அறை. தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் பலருக்குத் தலைசுற்றல் அடங்கும். மாத்திரை பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். குமட்டல் வந்த பிறகு போடுவதைவிட முன்கூட்டிப் போடுவதே பலன் தரும்.

அறையைவிட மாதம் முக்கியம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வங்கக் கடல் யாருக்கும் உறவில்லை. அந்த மாதங்களில் மகன் எவ்வளவு சொன்னாலும் வேண்டாம்.

ஐந்து பேரில் பெரியவர்கள் நீங்கள் இருவர்தானா? அப்படியானால் அறைக்கு ஒரு பெரியவர் கட்டாயம். தாத்தா ஓர் அறை, பாட்டி ஓர் அறை. பிள்ளைகளின் பெற்றோர் உடன் வராததால், அவர்களிடமிருந்து சம்மதக் கடிதம் என்ன வடிவில் வேண்டும் என்று பதிவின்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

மகன்கள் மூவர்: 19, 16, 12 வயது. அவர்கள் ஓர் அறையிலும் நாங்கள் ஓர் அறையிலும் தங்க விதி இடம் கொடுக்குமா? – வாசகி, தஞ்சாவூர்

நிறுவனத்துக்கு நிறுவனம், புறப்படும் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவிலிருந்து கிளம்பும் பயணங்களில் அறைக்கு 21 வயது நிறைந்த ஒருவராவது இருக்க வேண்டும் என்பது பல நிறுவனங்களின் விதி. ஆசியாவில் பெரும்பாலும் 18 போதும். பெற்றோர் பக்கத்து அறையிலோ எதிர் அறையிலோ இருந்தால் இந்த விதியைத் தளர்த்துகிறவர்களும் உண்டு. தளர்த்தாவிட்டால் பதிவில் அப்பாவை ஓர் அறையிலும் உங்களை மற்றதிலும் போடுங்கள். ஏறிய பிறகு வரவேற்பு மேசையில் சொல்லி, இரண்டு அறைக்கும் கூடுதல் சாவி அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். யார் எங்கே படுக்கிறார்கள் என்று இரவில் யாரும் வந்து எண்ணமாட்டார்கள். ஆனால் பாதுகாப்புப் பயிற்சியின்போது அவரவர் அட்டையில் போட்டிருக்கும் கூடுமிடத்துக்கே போக வேண்டும்.

பையன்களுக்குப் பால்கனி அறை வேண்டாம். ஈரத் துண்டைக் கம்பியில் போட்டுக் கடலுக்குக் காணிக்கையாக்குவார்கள்.

அறையில் என்ன எடுத்துப்போகலாம்? – வாசகி, சேலம்

மின் கெட்டில், இஸ்திரிப் பெட்டி, ரைஸ் குக்கர், இண்டக்ஷன் அடுப்பு எதுவும் கூடாது; நுழைவிலேயே எடுத்து வைத்துக்கொண்டு இறங்கும்போது தருவார்கள். வீட்டில் செய்த புளியோதரையும் கூடாது. பிரிக்காத பாக்கெட் முறுக்கைப் பெரும்பாலும் விடுவார்கள். அறைச் சுவர் இரும்புத் தகடு என்பதால் காந்தக் கொக்கிகள் ஒட்டும். ஐந்து பேரின் ஈர உடைக்கும் பைகளுக்கும் ஒரு டஜன் வாங்கிப்போங்கள். கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் பெரும்பாலும் பக்கத்தில் இருக்காது, காகிதம்தான். ஆளுக்கொரு சிறிய பிளாஸ்டிக் மக் என்று பெட்டியை நிரப்பாதீர்கள், குளியலறைக்கு ஒன்று போதும்.